இருக்கைக்கு ஒரு நிறம்

மாதக் கடைசியில் என் கணினித் திரையில் அதிகம் வந்து நிற்கும் சொற்கள் ‘வீடு பூட்டியிருந்தது’ என்பவைதான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகவல் பதிவு செய்கிற வேலை எனக்கு. பிரஷரும் சுகரும் உள்ளவர்களின் வீடு தேடிப் போய் அளந்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருவதற்குத் தனியாக ஒரு பெண் இருக்கிறார். அவர் கைப்பேசியில் பதிவது என் திரைக்கு வரும். நான் சரிபார்த்து, விடுபட்டதைக் கேட்டு வாங்கித் தேனி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பூட்டிய வீடுகள் ஊர் முழுக்கப் பரவி இல்லை என்பதை வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். மூன்று தெருக்களில் குவிந்து கிடந்தன. அதில் ஒன்று என் தெரு. அந்தத் தெருப் பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏறி, மலை தாண்டி, கேரளாவில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். ஆறு, ஆறரைக்குத்தான் திரும்புவார்கள். மாத்திரை கொடுக்கிற பெண் பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். இது தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. என் அம்மாவே பதினைந்து வருடத்துக்கு மேல் அதே ஜீப்பில் போனவர். அந்த ஜீப்தான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்படியிருந்தும் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகு, அந்த வீடுகள் எனக்கும் வெறுமனே பூட்டிய வீடுகளாகிவிட்டிருந்தன. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் மதுரையில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர் பலகையில் வட்டங்களும் அம்புகளும் போட்டார். ஒரு நோயாளி மாத்திரை சாப்பிடவில்லை என்றால் அவரைத் திட்டாதீர்கள், அவரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது, எது எதைத் தொடுகிறது, தொட்டது எப்படித் திரும்பி வருகிறது என்று படமாகப் போட்டுப் பாருங்கள் என்றார். நான் பஸ்ஸில் திரும்பும்போதே நோட்டில் போட ஆரம்பித்துவிட்டேன். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் நடுவட்டத்தில் வீட்டை அடித்துவிட்டு ஜீப்பை எழுதியிருந்தேன்.

ஏனென்றால் ஜீப்பில் ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. அது கங்காணியின் தலைக்குள் இருந்தது. கங்காணி என்பது வேலைக்கு ஆள் சேர்த்து, ஜீப்பில் ஏற்றி, சாயங்காலம் இறக்கிவிடுகிற பெண். இன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேறுகாலம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தேடுவதை அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

மாதக் கூட்டத்தில் சொன்னேன். வீட்டுக்குப் போகாமல், ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குச் சாயங்காலம் போய்ப் பார்க்கலாம் என்று. மருத்துவருக்குப் பிடித்துவிட்டது. “யோசனை நல்லா இருக்கு. ஆறரை மணிக்கு யார் போறது?” என்றார்.

“நான் போறேன் சார்” என்றார் நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர், கம்பத்தில் வாடகைக்கு இருந்தார். “எனக்கு ஏழரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. இந்தத் தம்பி எழுத வந்தாப் போதும்.”

முதல் சாயங்காலம் டீக்கடைப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தோம். ஜீப் வந்து நின்றதும் ஏலக்காய் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து இறங்கின. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவை அவிழ்த்து உதறினார்கள். சிஸ்டர் பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்ததும் ஒருவர் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“பாத்துக்கம்மா. மலையில அட்டை குடிச்சது போக மிச்சம் ரத்தம் இருந்தா.”

“இவளுக்குப் பிரஷரு இருக்காது சிஸ்டரு. வீட்டுக்காரனுக்குத்தான் இருக்கும், இவளக் கட்டுனதுக்கு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என்னையும் விடவில்லை. “ஏலே, நீ இன்னார் மகன்தான? ஒங்காத்தா ஏறுனப்ப ஜீப்பு இந்தப் பக்கம் சாயும். இப்பத்தான் நேரா ஓடுது.”

சிரித்துக்கொண்டே பதினான்கு பேருக்கும் எழுதினேன். அதில் நான்கு பேருக்கு எண் மிக அதிகமாக இருந்தது. அந்த நால்வரில் ஒருவர் எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண். உறவு ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து சித்தி என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவுக்கு முட்டி போனபோது, ஜீப்பில் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு அம்மாவே சொல்லி அனுப்பியது சித்தியைத்தான். அவருடைய கணவர் தென்னையிலிருந்து விழுந்து, ஒரு கால் சரியில்லாமல் வீட்டில் இருக்கிறார். சித்தியின் வேலைதான் அந்த வீடு.

இதுவரை செய்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அடுத்ததாகச் செய்ததுதான்.

எண் அதிகமாக இருப்பவர்கள் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வர வேண்டும். அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது? கங்காணிதான். பட்டியல் அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் கங்காணிக்குப் படிக்கத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. படிக்கத் தெரியாத ஒருவரின் கையில் எழுத்து நிரம்பிய காகிதத்தைக் கொடுத்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு ஜீப்பை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரைந்தேன். ஓட்டுநர் பக்கத்தில் கங்காணியின் இடம், நடு வரிசை, பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. ஜீப்பில் எல்லோருக்கும் இடம் நிரந்தரம். யாரும் மாறி உட்கார மாட்டார்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு கட்டம் போட்டு நிறம் கொடுத்தேன். எண் சரியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கூட இருந்தால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு.

கங்காணி அதை வாங்கி ஜீப்பின் போனட்டில் விரித்துப் பார்த்தார். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, யார் யார் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“நல்லாப் போட்டிருக்கியேப்பா. எனக்கே வெளங்குது” என்றார்.

அன்று எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மருத்துவர் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துத் தேனிக்கு அனுப்பினார். அங்கேயிருந்து கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

அடுத்த மாதம் அதே பெஞ்சு, அதே டீக்கடை. வீட்டுக்கு வந்து புதுப் படத்துக்கு நிறம் போட்டேன். சிவப்பே இல்லை. மூன்று மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. போதாததற்கு, மாத்திரை கொடுக்கிற பெண்ணின் பதிவில், எப்போதும் பூட்டியிருந்த நான்கு வீடுகள் திறந்திருந்தன. ‘நேரில் பார்த்தேன்’ என்று போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துக் காலையில் சிஸ்டரிடம் காட்டினேன்.

சிஸ்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போன மாசம் செவப்பா இருந்த நாலு பேரும் எங்கப்பா?”

“பச்சையாயிட்டாக சிஸ்டர்.”

“ஒரு மாசத்துலயா? நாலு பேருமா? பேரப் பாரு.”

பார்த்தேன். அந்த நான்கு கட்டங்களிலும் வேறு பெயர்கள் இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் நானே என் கையால் எழுதிய பெயர்கள்தான். நான் இருக்கையைத்தான் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்த ஆளைப் பார்க்கவில்லை. சித்தி இறங்கி வரவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த நான்கு வீடுகள் திறந்திருந்தது, உள்ளே ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததால்.

மத்தியானமே சித்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் கணவர் நாற்காலியில் இருந்தார். சித்தி உள்ளே எதையோ தேய்த்துக்கொண்டிருந்தவர், குரல் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“வாப்பா டாக்டரு. ஒன் படத்துல நா செவப்பாமே.”

“சித்தி, அது மாத்திரை வாங்க வரணும்ங்கிறதுக்காகப் போட்டது.”

“வந்தனே. வாங்கினனே. பொறவும் கங்காணி ஏத்தல. ‘ஒனக்குச் செவப்பு வந்துருச்சு, மலையில விழுந்து வச்சியன்னா யாரு பதில் சொல்றது’ன்னுட்டா. மக்யா நாளே என் எடத்துல மேலத்தெருப் பொண்ணு. முந்தா நேத்துக் கல்யாணமாகி வந்தவ. அவளுக்கு ஏலக்காய்ச் செடி எது, இஞ்சிச் செடி எதுன்னு தெரியாது.”

“வேற ஜீப்பு…”

“எங்கன இருக்கு? காய் எடுப்பு ஆரம்பிச்சாச்சு. எல்லா ஜீப்புலயும் ஆளு நெறஞ்சாச்சு. ஒரு மாசம் உக்காந்துட்டா எடம் அவுகளுக்குத்தான். இன்னும் ஒரு வாரத்துல நா ஏறலன்னா அந்த எடத்த மறந்துற வேண்டியதுதான்.”

கணவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒன் மிசின்லதான இருக்கு. பச்சையாக்கிக் குடு.”

“அப்படிச் செய்யக் கூடாது சித்தி.”

“ஏன், பச்ச தீந்துபோச்சா?”

“எண்ணை மாத்தக் கூடாது. மாத்திரைய ஒரு நா விடாமப் போடுங்க. உப்பக் கொறைங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. எறங்கியிருந்தா நானே பச்ச போட்டு, நானே கொண்டு போயி அவுக கையில குடுக்குறேன்.”

“ரெண்டு வாரமா?” என்றார். “அப்ப எறங்கணும். அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்தக் கேள்வியில் என்ன இருந்தது என்று நின்று கேட்கவில்லை. விளக்கமாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பட்டையைச் சுற்றி அளந்தார். எண்ணை என்னிடம் சொன்னார், நான் தட்டினேன். உடனே மறுபடியும் பட்டையைச் சுற்றினார். அதற்குள் என் திரையில் கட்டம் பச்சையாகி, ‘கட்டுக்குள் உள்ளது’ என்று எழுத்து வந்துவிட்டது.

சித்தி திரையை எட்டிப் பார்த்தார். “பச்சதான அது?”

“ஆமா சித்தி.”

“நாந்தான் சொன்னேன்ல” என்று சொல்ல வந்தவர் பாதியில் பெஞ்சிலிருந்து சரிந்தார். சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் காலைப் பிடித்தேன். கட்டிலில் கிடத்திக் காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கினோம்.

“ஏக்கா, இங்க பாருங்க. என்ன சாப்புட்டீக காலையில?”

“ஒண்ணும் சாப்புடல. உப்பு ஆகாதுன்னு தம்பி சொல்லுச்சு. உப்பில்லாம தொண்டையில எறங்கல.”

“மாத்திர?”

சித்தி முந்தானை முடிச்சைக் காட்டினார். சிஸ்டர் அவிழ்த்தார். உள்ளே மாத்திரை அட்டை மடங்கிக் கிடந்தது. எட்டுக் குழி காலியாக இருந்தது.

“எத்தனப் போட்டீக?”

“ராத்திரி நாலு. காலையில நாலு.” கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். “எறங்கணும்ல.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மருத்துவர் வந்து ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றச் சொல்லி, ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கம்பம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் சித்தி கண்ணைத் திறந்தார். ஒரு தடவை என் கையைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று குனிந்தேன்.

“அந்தப் பச்சய அழிச்சுறாத.”

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொன்ன டாக்டர், இன்னும் நாலு போட்டிருந்தால் சிரமம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கம்பத்திலிருந்து திரும்பிய அன்று திரையைத் திறந்தேன். பச்சை அப்படியே இருந்தது. அதை அப்படியே விட்டால் தேனியில் எங்கள் ஊருக்கு ஒரு நோயாளி கூடுதலாகக் குணமாகியிருப்பார். அச்சடித்துக் கங்காணியிடம் கொடுத்தால் சித்தி திங்கட்கிழமை ஜீப்பில் ஏறியிருப்பார். எண்ணும் பொய் இல்லை. சிஸ்டர் இரண்டு தடவை அளந்த எண். அந்தக் கட்டத்துக்குள் எட்டு மாத்திரையைப் பற்றி எழுத இடம்தான் இல்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் அடுப்பில் கறிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஜெபமாலை வைத்திருந்த சின்னப் பையிலிருந்து என் படத்தை எடுத்தார். எட்டாக மடித்திருந்தது.

“இந்தா. கேப்பன்னு தெரியும்.”

வாங்கிக்கொண்டேன்.

“காயிதத்தக் குடுத்துட்டேன். தெரிஞ்சத எப்படிப்பா திருப்பிக் குடுக்குறது?” என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“முன்னாடி ஒருத்தி மலையில விழுந்துட்டா. சரிவுல, செடிக்குள்ள. போர்வையில தூளி கட்டி ரோடு வரைக்கும் நாங்கதான் தூக்கியாந்தோம். வாய் கோணிப்போச்சு, இன்னைக்கி வரைக்கும் பேச்சு வரல. அவ வீட்டாளுக என் வாசல்ல வந்து நின்னு, நா என்னமோ தள்ளிவிட்ட மாதிரி கேட்டாக. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். நெசமாவே தெரியாது. இப்ப நீ படம் போட்டு, எனக்கு வெளங்குற மாதிரி போட்டு, என் கையில குடுத்துட்ட. நாளைக்கி எவளாச்சும் விழுந்தா எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுமா?”

“டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கித் தரட்டுமா?”

“டாக்டரு இன்னைக்கி இருப்பாரு, மாத்திப் போயிருவாரு. நீ உள்ளூர்க்காரன். நீ எழுது. ‘இவளுக்கு மலையில ஒண்ணும் ஆகாது, ஆச்சுன்னா நாந்தான் பொறுப்பு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கே ஏத்துறேன்.”

உள்ளே போய்ப் பேத்தியின் பையிலிருந்து பேனாவும் ஒரு நோட்டும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விளையாட்டுக்கு இல்லை. நான் எழுதியிருந்தால் ஏற்றியிருப்பார். எங்கள் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அம்மாவும் அப்பாவும் விரல் வைப்பார்கள், கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். எட்டாம் வகுப்பிலிருந்தே பழக்கம். அந்த நோட்டில் போட முடியவில்லை.

“பாத்தியா” என்றார் கங்காணி. குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. “நீ போட மாட்ட. நா மட்டும் எப்படி ஏத்துவேன்? உக்காரு, ஒரு வாய் சாப்புட்டுப் போ.”

சாப்பிட்டேன். வேண்டாம் என்று எழுந்து வர எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு சித்தி மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். சிஸ்டர் வாரம் ஒரு நாள் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். எண் மெதுவாக, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, நியாயமாக இறங்கியது. வேலைக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொன்னார். இடம்தான் இல்லை. மேலத்தெருப் பெண் ஏலக்காய் எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கங்காணியை அதற்குமேல் நான் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரில் ஒருவர் திராட்சைத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். இரண்டு பேர் மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

சித்திக்குச் சுருளிப்பட்டி ஜீப் ஒன்றில் இடம் கிடைத்தது. அந்தக் கங்காணிக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. விடிவதற்கு முன்னால் மெயின் ரோடு வரை நடந்துபோய் நின்று ஏறிக்கொள்கிறார். இதை அம்மாவிடம்தான் சொன்னார். “ஒன் மகன்கிட்டச் சொல்லிராத” என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா சாப்பாடு போடும்போது சொல்லிவிட்டார். “அவளுக்கு என்ன பண்ணித் தொலச்ச நீ?” என்று கேட்டார். நான் முழுவதும் சொன்னேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்கிடையில் என் படம் தேனியில் பெயர் வாங்கியிருந்தது. எல்லா ஊர் ஜீப்புக்கும் இதே மாதிரி போட வேண்டும், முதலில் சுருளிப்பட்டி என்று முடிவாகி, கூட்டத்தில் விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் ஜீப் படம் பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிவப்பு இருக்கை பச்சையானது ஆள் மாறியதால் என்று சொன்னேன். எட்டு மாத்திரையைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தது கேட்டது.

அதிகாரி நல்ல மனிதர். “அப்ப சாயங்காலம் பார்க்கிறதையே நிறுத்தணும்னு சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார். படத்த மட்டும். எண்ணு அவங்களுக்கும் நமக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“சரி. படம் வேண்டாம். மறைப்பு கட்டிப் பாருங்க. சுருளிப்பட்டியில ஆரம்பிங்க” என்றார். அடுத்தவர் பேச எழுந்தார்.

பச்சைத் துணியில் மறைப்பு தைத்து வாங்கிக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. ஏலக்காட்டில் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகிற பேச்சு. அதற்குச் சிக்னல் தேவையில்லை. முதல் ஜீப் தூரத்தில் நின்று, ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டுத் திரும்பியது. இரண்டாவது ஜீப் எங்களைப் பார்த்து வேகம் குறைத்தது, பிறகு கூட்டியது. பின்பெஞ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜீப் போன பிறகும் மறைப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதைச் சுருட்டினார். சித்திக்கு இடம் கிடைத்ததைக் கண்ணால் பார்த்த நிம்மதி எனக்கு இருந்தது. அதோடு வேறு ஒன்றும் இருந்தது.

அந்த மாதம் சித்தியின் வரிசையில் எண் வரவில்லை. எண் இல்லாவிட்டால் காரணம் போட வேண்டும். எங்கள் மென்பொருளில் மூன்று காரணங்கள் உண்டு: வீடு பூட்டியிருந்தது, இடம்பெயர்ந்துவிட்டார், இறந்துவிட்டார். இவற்றில் ஒன்றைத் தொடாமல் மாதத்தை முடிக்க முடியாது. ‘எங்களை நம்பவில்லை’ என்பதற்கு இடம் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. மாத்திரை தீர்ந்துபோகுமே என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. சிஸ்டர், சித்தியின் கணவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை வரட்டும், யாரும் இருக்க மாட்டார்கள், நான் வந்து திறக்கிறேன் என்று.

சித்தி வந்தார். நான் கணினியைப் போட்டு வைத்திருந்தேன். உள்ளே காலெடுத்து வைத்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“சிஸ்டரு மட்டும் போதும். நீ வெளிய இருப்பா.”

எழுந்து வந்தேன். கதவு சாத்தப்பட்டது. பட்டைக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதில், எத்தனை தடவை அழுத்துகிறார், காற்று எவ்வளவு நேரம் இறங்குகிறது என்பதை வைத்தே எண்ணை ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். மனது தானாக எண்ண ஆரம்பித்தது. வாசலைத் தாண்டி இரும்புக் கேட்டுக்குப் போய், சத்தம் கேட்காத இடத்தில் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சித்தி வந்தார்.

“ஒண்ணுதான போடுறீக சித்தி?”

“ஒண்ணுதான்.”

“கோவமா?”

“கோவம் என்னத்துக்கு.” கேட்டின் கொக்கியை எடுத்தார். “சிஸ்டரு அவுக நோட்டுல எழுதிக்கிட்டாக. ஒன் மிசின்ல ஏத்த வேணாம்னு சொல்லிட்டேன். விடு, எனக்கு வீட்டுல அம்புட்டுத் துணி கெடக்கு. நாளைக்கி ஜீப்பு.”

திங்கட்கிழமை தேனியிலிருந்து போன் வந்தது. ஒரு வரிசை மட்டும் நிற்கிறது, மூன்றில் எது என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை என்றேன். அப்படியென்றால் உங்கள் ஊர்க் கணக்கை மூட முடியாதே என்றார்கள். தெரியும் என்றேன். இதை எழுதுகிற இன்று வரை மூடவில்லை.